முடிச்சே இல்லாத பின்னல்

இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும்போது தீபாவளிப் பட்சணங்கள் தீர்ந்து, ரஜாய்களும் ஸ்வெட்டர்களும் நாப்தலீன் வாசனையோடு பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கும். எத்தனை வருடம் ஆனாலும் தில்லிக் குளிருக்கு நாம் விருந்தாளிகள்தான். அதனால் குளிர்காலத்துக்கு ஏற்ற ஒரு பொழுதுபோக்கைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

சங்கத்து மகளிர் கூட்டங்களில் என் கையில் எப்போதும் ஊசியும் நூலும் இருப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே புதிதாகக் குடிவந்த பெண்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "மாமி, எனக்கும் கத்துக் கொடுங்களேன், பார்க்கவே ஆசையா இருக்கு" என்பது ஒன்று. "நானும் ஆரம்பிச்சேன் மாமி, பாதியிலேயே வெறுத்துப் போய்த் தூக்கிப் போட்டுட்டேன்" என்பது மற்றொன்று. சில சமயம் இரண்டையும் ஒரே பெண்ணே சொல்வதும் உண்டு! இரண்டும் நியாயம்தான். ஸ்வெட்டர் பின்னுவதிலும் குரோஷா போடுவதிலும் உள்ள சந்தோஷமும் எரிச்சலும் வெவ்வேறு இடத்திலிருந்து வருவதில்லை, இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்பது என் அனுபவம். அந்தக் காரணம் புரிந்துவிட்டால் எரிச்சலில் பாதி குறையும்.

ஊன் வாங்கி வா!

நான் கல்யாணமாகி ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்புக்கு வந்தது 1987-இல். அப்போது எனக்குத் தெரிந்த கைவேலைகள் மூன்று: தலை பின்னுவது, பூத்தொடுப்பது, ஒயர் கூடை போடுவது. ஊரில் என் அம்மா, பாட்டி யாருக்கும் ஸ்வெட்டர் பின்னத் தெரியாது. திருச்சி வெயிலில் அதற்கு என்ன வேலை? சமையலும் கோலமும் தாய்வீட்டிலிருந்தே கூட வந்துவிட்டன. இந்த ஒன்றை மட்டும் அண்டை வீட்டாரிடம்தான் கற்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் குளிர்காலத்து மத்தியான வெயிலில் குடியிருப்புப் புல்வெளியே ஒரு பள்ளிக்கூடமாகிவிடும். கயிற்றுக் கட்டில்களை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேர்க்கடலை உரித்தபடி, ஆரஞ்சுத் தோலை ஒரு பக்கம் குவித்துவிட்டுப் பெண்கள் பின்னிக்கொண்டிருப்பார்கள். சர்க்கார் ஆபீஸ்களில் வேலை பார்த்த பெண்களும் சாப்பாட்டு இடைவேளையில் புல்தரையில் உட்கார்ந்து பின்னுவார்கள். வாய் தன்பாட்டுக்குப் பேசும், கை தன்பாட்டுக்கு ஓடும்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பஞ்சாபிப் பாட்டி இருந்தார். எல்லோருக்கும் அவர் 'பீஜி'. என் ஆசையைக் கேட்டுவிட்டு அவர் போட்ட முதல் உத்தரவு: "முதலில் கடைக்குப் போய் நல்ல ஊன் வாங்கி வா!" சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழில் ஊன் என்றால் இறைச்சி, இந்தியில் கம்பளி நூல் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்று தொடங்கியது ஒரு புது அகராதி. ஊசிக்குச் 'சலாயி'. நூல் சிட்டத்துக்கு 'லச்சி', உருட்டி வைத்தால் 'கோலா'. நேர்ப் பின்னல் 'சீதா', எதிர்ப் பின்னல் 'உல்டா'. ஊசியில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு வளையத்துக்கும் 'ஃபந்தா' என்று பெயர். ஃபந்தா என்றால் சுருக்கு. நம் மொழியில் கண்ணி என்கிறோம். பறவை பிடிக்க வைப்பதும் கண்ணிதான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! நானும் அந்தக் குளிர்காலத்தில் அதில் விழுந்த பறவைதான். இன்னும் வெளியே வரவில்லை.

வேட்டியும் பனியனும்

இனி விஷயத்துக்கு வருவோம். வீட்டில் இருக்கும் ஒரு வேட்டியையும் ஒரு திருப்பூர் பனியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேட்டி தறியில் நெய்தது. நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. நூல்கள் மேலும் கீழுமாகப் போனாலும் நேர்க்கோட்டில்தான் போகின்றன. அதனால் இழுத்தால் வேட்டி நீளாது. பனியனை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஏன்?

பூதக்கண்ணாடி இருந்தால் பனியனின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஜடை பின்னியதுபோல் சின்னச் சின்ன அம்புக்குறிகள் வரிசையாக இறங்கும். உள்பக்கம் திருப்பினால் குட்டிக் குட்டி மேடுகள். வெளியே சீதா, உள்ளே உல்டா. பீஜி எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே பின்னல்தான் இது. அங்கே வட்ட இயந்திரம் போடுகிறது, இங்கே இரண்டு ஊசி போடுகின்றன. இந்த இயந்திரங்களுக்கெல்லாம் முப்பாட்டன், வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1589-இல் செய்த காலுறை பின்னும் இயந்திரம். கைப்பின்னல் அதற்கும் பல நூற்றாண்டு மூத்தது. எகிப்தில் கிடைத்த பழைய பின்னல் துணிகள் 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அவற்றில் நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் போட்ட காலுறைகளும் உண்டு.

இந்தப் பின்னலில் நூல் நேராகப் போவதே இல்லை. வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவும் கீழ் வரிசையில் உள்ள வளைவுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அதை மேல் வரிசை வளைவு பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். எங்கேயும் முடிச்சு கிடையாது! ஒயர் கூடை போட்டவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். கூடையில் ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு. இறுக்கிவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும். ஸ்வெட்டரில் ஒரு கண்ணி நிற்பது பக்கத்துக் கண்ணிகளின் தயவில்தான்.

நான் முதலில் சொன்ன அந்த ஒரே காரணம் இதுதான். வளைவுகள் நிமிர இடம் இருப்பதால் துணி உடம்போடு நீண்டு கொடுக்கிறது. வளைவுகளுக்கு நடுவே காற்று தங்குவதால் குளிர் தெரிவதில்லை. முடிச்சு இல்லாததால் எப்போது வேண்டுமானாலும் பிரித்து மறுபடி பின்னலாம். அதே முடிச்சு இல்லாததால்தான் ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படி மாதிரிக் கீழே வரை அவிழ்ந்துகொண்டே போகிறது. வரம் எதுவோ அதுவே தொல்லையும்.

எரிச்சல்கள் வரிசையாக

முதல் எரிச்சல் அளவு. புத்தகத்தில் போட்டபடி கண்ணி எண்ணிப் போட்டாலும் ஸ்வெட்டர் அப்பாவுக்குப் பதில் அண்ணாவுக்குச் சரியாக இருக்கும்! இதற்குக் காரணம் கை இறுக்கம். புத்தகக்காரர் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். 100 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 220 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்ந்த கையாக இருந்து 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால், அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டே கண்ணி வித்தியாசம், உடம்பில் பத்து சென்டிமீட்டர்! ஆகவே ஓர் உள்ளங்கை அளவு மாதிரி போட்டு, நனைத்து, உலர்த்தி, ஸ்கேல் வைத்து எண்ணிய பிறகே ஸ்வெட்டரை ஆரம்பிக்க வேண்டும். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசி, அதிகமாக வந்தால் தடித்த ஊசி. இங்கே இன்னொரு குழப்பம். நம் நாட்டில் பழக்கமான பழைய பிரிட்டிஷ் எண் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மி.மீ., 10-ஆம் எண் 3¼ மி.மீ., 12-ஆம் எண் 2¾ மி.மீ. அமெரிக்க முறையில் இது தலைகீழ். எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, ஓரம் சுருண்டுகொள்வது. ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா என்று பின்னினால் பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும், மேலும் கீழும் முன்பக்கமாகவும் சுருளும். "நான் எதையோ தப்பாப் போட்டுட்டேன்" என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். தப்பே இல்லை, பின்னலின் சுபாவமே அது. மேட்டுப் பக்கமும் தட்டைப் பக்கமும் சமமாக இல்லாததால் துணி ஒரு பக்கம் மடங்கப் பார்க்கிறது. அதைத்தான் கெட்டிக்காரத்தனமாகப் பார்டருக்குப் பயன்படுத்தினார்கள். இரண்டு சீதா, இரண்டு உல்டா என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று இப்படி மடங்கும், அடுத்தது அப்படி மடங்கும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு விழுந்து, இழுத்தால் விரிந்து, விட்டால் சேர்ந்துகொள்ளும். இடுப்பிலும் மணிக்கட்டிலும் ஸ்வெட்டர் கவ்விப் பிடிப்பதற்கு எலாஸ்டிக் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, கண்ணி நழுவுவது. குழந்தை வந்து ஊசியை இழுக்கும், அல்லது அடுப்பில் பால் பொங்கும். எழுந்தோடித் திரும்பி வருவதற்குள் ஐந்து வரிசை அவிழ்ந்திருக்கும். பதறி மொத்தத்தையும் பிரிக்காதீர்கள். ஒரு குரோஷா ஊசியை எடுத்து, நழுவிய கண்ணியை அதன் கொக்கியில் மாட்டி, ஏணிப் படிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து மேலே ஏற்றினால் ஆயிற்று. தடமே தெரியாது.

நான்காவது, நூல் தீர்ந்து போவது. பெரியவர் ஸ்வெட்டர் ஒன்றுக்கு, அளவையும் டிசைனையும் பொறுத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் வேண்டும். 'குறைந்தால் அப்புறம் வாங்கலாம்' என்று விட்டால், அதே நிறம் கேட்டாலும் அடுத்த முறை சாயம் ஒரு பிடி ஏறியோ இறங்கியோ இருக்கும். கடையில் பார்க்கும்போது ஒன்றாகத் தெரியும், கையில் பின்னிய பிறகு வெயிலில் கோடு போட்டுக் காட்டிக் கொடுக்கும். லேபிளில் சாயத் தொகுதி எண் இருக்கும். எல்லா உருண்டையிலும் ஒரே எண்ணா என்று பார்த்து, ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். மிஞ்சினால் குல்லாய்.

ஒற்றைக் கண்ணி உலகம்

குரோஷாவில் ஊசி ஒன்றுதான், முனையில் கொக்கி. ஸ்வெட்டர் ஊசியில் நூறு கண்ணி ஒரே நேரத்தில் உயிரோடு காத்திருக்கும். குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். மற்றதெல்லாம் அப்போதைக்கப்போது முடிந்து போனவை. பயணத்துக்கு ஏற்றது இதுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போபால் வந்துவிட்டது, இறங்கி டீ வாங்க வேண்டும் என்றால் கண்ணியைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துவிட்டு எழுந்து போகலாம். பூத்தொடுத்துப் பழகிய விரல்களுக்கு நூலை எந்த விரலில் சுற்றி எதில் விடுவது என்று பாதி பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புள்ளிக் கோலம் போடுபவர்களுக்குக் கட்டம் போட்ட டிசைன் படம் பார்த்துப் பின்னுவது சுலபம்.

இதிலும் எரிச்சல்கள் உண்டு. புத்தகத்தில் ஒரு பெயர், யூ-டியூபில் வேறு பெயர். அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷே' என்பதை ஆங்கிலேயர்கள் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்கர்களின் 'டபுள்' ஆங்கிலேயர்களுக்கு 'ட்ரெபிள்'. எந்த நாட்டு முறை என்று முதலில் பார்க்காவிட்டால் மேஜை விரிப்பு பாதி உயரத்தில் நிற்கும்.

அடுத்தது வட்டம். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் போடும் விரிப்பு தட்டையாக உட்காராமல் சில சமயம் கிண்ணமாகக் குவியும், சில சமயம் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக எழும்பும். இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு. வட்டத்தின் ஆரம் எவ்வளவு கூடுகிறதோ, சுற்றளவு அதைப்போல் ஆறேகால் மடங்கு கூட வேண்டும். குட்டைக் கண்ணியில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம் என்பதால் சுற்றுக்கு 6 கண்ணி கூட்டினால் தட்டையாக இருக்கும். அதைப்போல் இரு மடங்கு உயரமான கண்ணிக்கு 12. குறைத்துக் கூட்டினால் கிண்ணம், அதிகம் கூட்டினால் அலை.

அந்த அலையையும் வீண் என்று நினைக்க வேண்டாம். ஐன்ஸ்டீன் காலத்துக்கும் முன்பே கணித மேதைகள் பேசிவந்த 'ஹைப்பர்பாலிக்' தளம் என்று ஒன்று உண்டு. அதைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி உறுதியாகச் செய்து காட்டுவது மாணவர்களுக்குக் கடினமாக இருந்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை 1997-இல் அதைக் குரோஷாவில் போட்டே காட்டிவிட்டார். வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு சில கண்ணிக்கும் ஒன்று என்று ஒழுங்காக, விடாமல் கூட்டிக்கொண்டே போவது. நம் வீட்டில் 'கோணல்' என்று ஒதுக்கிய விரிப்பு அங்கே பாடமாகிவிட்டது!

இன்னொரு விசேஷம். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் வந்து நானூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கையால் போடும் குரோஷாவை அப்படியே போடும் இயந்திரம் ஆலைகளில் இன்றும் புழக்கத்தில் இல்லை. கடையில் அசல் குரோஷாப் பொருள் ஒன்றைப் பார்த்தால், அதன் பின்னால் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது என்று பொருள்.

மணி நேரத்துக்கு என்ன விலை?

அந்தக் கையைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசியாக வேண்டும். "சரோஜினி நகர் போனால் சுளையாக ஸ்வெட்டர் கிடைக்கிறது. எதற்கு இந்த மாரடிப்பு?" என்று நம் வீட்டு மனிதர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. நூல் விலைக்கே ரெடிமேட் வந்துவிடுகிறது. லூதியானா ஆலைகளோடு விலையில் போட்டி போட நம்மால் ஆகாது.

ஒரு கணக்குப் பாருங்கள். மேலே சொன்ன 220 கண்ணிச் சுற்றளவு, 10 சென்டிமீட்டருக்கு 28 வரிசை, 60 சென்டிமீட்டர் நீளம் என்றால் உடம்புக்கு மட்டும் 168 வரிசை, ஏறக்குறைய 37,000 கண்ணி. இரண்டு கைக்கும் சேர்த்து இன்னும் 17,000 ஆகும். மொத்தம் 54,000-க்கு மேல். நிமிடத்துக்கு 25 கண்ணி என்ற நல்ல வேகத்தில் போனாலும் 36 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்து வாரம். ஒருவர் நமக்கு ஸ்வெட்டர் போட்டுத் தருகிறார் என்றால் கொடுப்பது இதை.

"சும்மா பொழுதுபோக்குத்தானே" என்ற வார்த்தைக்கு எவ்வளவு பெரிய விலை உண்டு என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில் நர்சாபூர் என்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் அங்கே பெண்களுக்குக் குரோஷா லேஸ் போடக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு அது வெளிநாட்டுக்குப் போகும் பெரிய வியாபாரமானது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலை போக நாள்தோறும் பல மணி நேரம் லேஸ் போட்டும் அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். 'வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்று பெயர் வைத்துவிட்டதால் அதை யாரும் உழைப்பாகவே எண்ணவில்லை என்பதுதான் அவர் கண்ட விஷயம். நர்சாபூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் கிடைத்ததில் சந்தோஷம். போடும் விரல்களுக்கும் உரிய கூலி கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட லேஸை எங்கேயாவது பார்த்தால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

கைக்கணக்கை வேறு விதமாகக் காட்டியவர்களும் உண்டு. சென்னையில் 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்ற குழுவினர், பல ஊர்ப் பெண்கள் தனித்தனியே போட்டு அனுப்பிய கம்பளிகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டரில் ஒரே போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! கம்பளியே தேவைப்படாத ஊரில் இது நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

பரிசும் பக்குவமும்

உழைத்துப் போட்டுக் கொடுத்த ஸ்வெட்டர் வாஷிங் மெஷினுக்குள் போய்ப் பொம்மைச் சட்டையாக வெளியே வருவது பின்னுபவர்களுக்கு வரும் பெரிய துக்கம். அசல் கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, குலுக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு மீட்கவே முடியாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், தேய்க்காமல் அமுக்கி அலசி, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

கடைகளில் 'உல்லன்' என்று கிடைக்கும் நூல் பலவும் அக்ரிலிக். கெட்டது ஒன்றுமில்லை, குழந்தைகளுக்கு அடிக்கடி துவைக்கச் சௌகரியம். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி வைத்தால் அதன் உயிர் போய்த் தொங்கிவிடும். எது எது என்று அறிய ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக்.

பழைய கம்பளி ஸ்வெட்டரை எறிந்துவிடாதீர்கள். முடிச்சில்லாத பின்னலின் பலன் இங்கேதான். தையலைப் பிரித்து, கடைசியாக மூடிய இடத்தில் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, லேசான பாரம் கட்டித் தொங்கவிட்டால் நூலின் நெளிவு நிமிரும். எங்கள் வீட்டில் அவருடைய நீல ஸ்வெட்டர் மூத்தவனுக்கு ஆகி, பிறகு இரண்டு குல்லாயாகி, இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு கை

ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம் என்றேன். அது கையெழுத்து மாதிரி. நான் தெரிந்துகொண்டது இப்படி. என் இரண்டாவது பிள்ளை பிறப்பதற்கு முன் பீஜி ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் ஆரம்பித்தார். முன்பக்கம் பாதி ஏறியபோது கண்ணில் புரை முற்றி, கண்ணி தெரியாமல் போய்விட்டது. ஒரு நாள் ஊசியோடு அப்படியே கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இனி நீ பின்னு பேட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். நான் பின்னினேன். அவர் விரலால் தடவி, "இது உன் வரிசை, இது என் வரிசை" என்று பிரித்துச் சொல்வார். பார்டரை அவர் விரல் எண்ணியே சரிபார்க்கும்.

அவர் கை இறுக்கம், என் கை கொஞ்சம் தளர்வு. சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. பிரித்து ஒரே சீராகப் போடலாமா என்று கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பீஜி இப்போது இல்லை. அந்தக் குடியிருப்பை விட்டு நாங்களும் வந்துவிட்டோம். ஸ்வெட்டர் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே அவர், மேலே நான்.

தனியாக உட்கார்ந்து பின்னுவதிலும் நிம்மதி உண்டு. பின்னுபவர்கள் 3,545 பேரிடம் கேட்டுப் பிரிட்டனில் 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. அடிக்கடி பின்னுபவர்களே மனம் அமைதியாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். பிடித்துப்போய்ப் பின்னுபவர்கள் சொன்னதுதான், மருந்துச் சீட்டு இல்லை. ஆனாலும் ஊரும் உறவும் தூரத்தில் இருக்கும் நமக்கு, புது இடத்தில் பேச்சுத் துணை தேடித் தந்ததில் இந்த இரண்டு ஊசிக்குப் பங்கு உண்டு. இந்தி சரளமாக வருவதற்கு முன்பே என் கை அவர்களோடு பேசத் தொடங்கிவிட்டது.

ஆரம்பிக்க ஒரு வழி

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஸ்வெட்டரில் கை வைக்க வேண்டாம். 8-ஆம் எண் ஊசி ஒரு ஜோடி, வெளிர் நிறத்தில் வழவழப்பான நூல் வாங்குங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது. 40 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் சீதாவாகவே போட்டு ஒரு மஃப்ளர் முடியுங்கள். ஓரம் சுருளாது, அளவுத் தொல்லை கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டுக் கழுத்தையும் மணிக்கட்டையும் அசையுங்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

ஆண்களும் தயங்க வேண்டாம். பெரு நாட்டின் தகீலே தீவில் குல்லாய் பின்னுவது ஆண்களின் வேலை. அந்தத் தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005-இல் சிறப்பித்திருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்கு வருபவர்கள் நூலைக் கையோடு கொண்டு வாருங்கள். மாடியில் பதினோரு மணிக்கு நல்ல வெயில் வரும். சலாயி என்னிடம் நாலைந்து ஜோடி இருக்கிறது. வேர்க்கடலைக்கு நான் பொறுப்பு.